ஊர் திரும்பியவர்களுக்கு இங்கே ஆயா இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் அக்காமார்களே, சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர் வரலாற்றைக் காத்தது ஆயா, அதாவது நம் பாட்டி, சொன்ன கதையா, பல்கலைக்கழக வரலாற்றுத் துறையா? வரலாற்றுத் துறைதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அக்கா கேட்டார்: “அந்தத் துறையிலிருந்து என்ன செய்தி வருகிறது? ஒருவர் பேராசிரியர் ஆனார், ஒருவர் முனைவர் பட்டம் வாங்கினார், ஒரு கட்டுரை அச்சானது. அதனால் நம் வீட்டுக்கு என்ன வந்தது?” பலத்த கைதட்டல். சரி, என்ன வந்தது என்று பார்ப்போம்.

1860 நவம்பர் 16. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கு ஓர் எண். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலிருந்த தழும்பு வரைக்கும் கப்பல் பதிவேட்டில் எழுதினார்கள். எழுதியவர்களுக்கு நாம் வெறும் கணக்கு. அந்தக் கணக்கை மனிதர்களின் வரலாறாக மாற்றியவர்கள் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர்கள் சுரேந்திர பானாவும் ஜாய் பிரெய்னும். பிறகு குலாம் வாஹித் போன்றவர்கள் தொடர்ந்தார்கள். பாட்டன் எந்தக் கிராமத்து ஆள் என்று இன்று ஒரு பிள்ளையால் தேடிப் பிடிக்க முடிகிறதென்றால், அந்தப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தவர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

அந்தப் பல்கலைக்கழகம் எப்படிப் பிறந்தது? 1961ல் நிறவெறி அரசு, இந்தியர்களைத் தனியே ஒதுக்க, டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் ஒரு கல்லூரியைத் திறந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் அது. ஒதுக்கிவைக்கக் கட்டிய இடத்தில், ஒதுக்கப்பட்டவர்களின் வரலாற்றை எழுதிக் காட்டினார்கள். இதைவிடப் பெரிய சாதனை வேண்டுமா, நடுவர் அவர்களே?

இப்போது எதிரணி பதில் சொல்லட்டும். ஆயா கதை சொல்ல வேண்டுமென்றால் அந்தக் குடும்பம் இங்கே தங்கியிருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களின் கதையை யார் சொல்வது? கல்யாணம் காட்சி எதுவும் காணாமல் கரும்புத் தோட்டத்திலேயே செத்தவர்களுக்கு இங்கே பேரன் ஏது, பேத்தி ஏது?

1871ல் திரும்பிப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. தோட்ட முதலாளிகள் கூலிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அடித்தார்கள் என்று சென்னையில் முறையிட்டார்கள். 1866லேயே நின்றுபோயிருந்த ஆளனுப்புதலை மறுபடி தொடங்க இந்திய அரசு சம்மதிக்கவில்லை. அதனால் 1872ல் நேட்டாலில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. குடியேறிகளுக்கென்று பாதுகாவலர் பதவியும் வந்தது. 1874ல்தான் கப்பல்கள் மறுபடி வந்தன. ஏழைக் கூலிகளின் வாய்ச்சொல் ஒரு காலனியையே கேள்வி கேட்டிருக்கிறது! எத்தனை வீட்டில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்? எங்கள் வீட்டில் சொன்னதில்லை. விசாரணைக் கோப்புகளைத் தேடிப் படித்தவர்கள்தான் சொன்னார்கள்.

அப்புறம், ஆயா பாசத்தால் மறைத்ததும் உண்டு. சாதி, தற்கொலை, தன்னந்தனியாகக் கப்பலேறிய பெண்கள்... பேரப்பிள்ளைகள் முன்னால் அவர் எப்படிச் சொல்வார்? அவர்மேல் குறையில்லை. ஆனால் அந்தப் பெண்களும் நம் முன்னோர்தானே?

ஆயாக்களின் குரலையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்து, வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் வைத்திருக்கிறார்கள். கதை சொன்னவர் போன பிறகும் அங்கே போய்க் கேட்கலாம்.

எதிரணி அக்காவிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை நம் பிள்ளை ஒருத்தி வரலாற்றில் முனைவர் ஆனால், காவடித் திருவிழா அறிவிப்போடு சேர்த்து அதையும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். தீர்ப்பை நடுவரிடம் விடுகிறேன். வணக்கம்.