படம் போட நாலு வருஷப் படிப்பா? (டாங்கி கிடைச்சாச்சு!)

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஸ்கெட்ச் எதுவும் இல்லை, வெறும் பேச்சுதான். மூன்று நாளாக ஒரு விஷயம் தொண்டையிலேயே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பெண்ணை உங்களுக்குத் தெரியும், பொங்கல் வீடியோவில் பானை வரைந்தாளே, அவள்தான். பிளஸ் டூ முடித்துவிட்டாள். எழும்பூர் ஓவியக் கல்லூரிக்குத்தான் விண்ணப்பிப்பேன் என்கிறாள். பெரியப்பா கை கழுவிக்கொண்டே, "படம் போட நாலு வருஷப் படிப்பா? அதான் யூடியூப்லயே எல்லாம் இருக்கே" என்றார். நான் அதே கல்லூரியில் அதே நாலு வருஷம் படித்தவள் என்று அவருக்குத் தெரியும். அங்கே வாய் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

அதற்கு முன்னால், இருங்கள், கேமராவை இறக்குகிறேன். டாங்கி! எட்டு மாதமாகத் தேடுகிறேன் என்று புலம்பினேனே, கிடைத்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு: குதிரையில் உட்காருவதுபோல் இந்தப் பெஞ்சில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, எதிரே இருக்கும் சட்டத்தில் போர்டைச் சாய்த்து வரைவோம். ஒரு பழைய மரச்சாமான் கடையில் மூலையில் கிடந்தது. இது என்ன சாமான் என்றே கடைக்காரருக்குத் தெரியவில்லை, ஆனாலும் 1,800 ரூபாய் சொன்னார். நான் 900-இல் ஆரம்பித்தேன். இரண்டு தடவை படியிறங்கிவிட்டேன். கடைசியில் 1,150! முதல் ஆட்டோக்காரர் பெஞ்சின் கால் வெளியே நீட்டும் என்று ஏற்றவே மாட்டேன் என்றார். இரண்டாவது அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து கயிறு எடுத்து அவரே கட்டிக் கொடுத்தார், 220 ரூபாய். தேக்கு இல்லைதான், ஆனால் துளிகூட ஆடவில்லை. இந்த விளிம்பைப் பாருங்கள், கரி ஏறி ஏறிக் கறுத்திருக்கிறது. யாரோ வருஷக்கணக்காக இதில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். பாலிஷ் போடச் சொல்லி யாரும் கமென்ட் போடாதீர்கள், தொடமாட்டேன்.

சரி, பெரியப்பா கேட்டதற்கு வருகிறேன். இரண்டாம் வருஷம் ஒரு ஐயா மாடலாக வந்து நிற்பார். மூன்று வாரம் அவரையே வரைந்தேன். ஆசிரியர் என் தாளில் கையே வைக்கமாட்டார். "எடை எந்தக் கால்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்குக் கோபமாக வரும். பத்தாவது நாளோ என்னவோ, திடீரென்று தெரிந்தது: ஊன்றிய காலின் பக்கம் இடுப்பு ஏறியிருக்கிறது, அதே பக்கத் தோள் இறங்கியிருக்கிறது. அதற்கப்புறம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைக்கூட வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி எங்கள் கல்லூரி முதல்வராக இருந்தவர். கல்லூரிக் காவலாளியை மாடலாக நிறுத்தி வைத்துச் செய்தார் என்று சொல்வார்கள். பாறையை நெம்பும் அந்த நாலு பேரின் முதுகைப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் எச்சிங், அதாவது உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, அதிலிருந்து படம் அச்செடுப்பது. துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டதும் கோட்டின்மேல் சின்னச் சின்னக் குமிழ் வரும். பறவை இறகால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கோடு கரடுமுரடாகிவிடும். அந்த அமிலத் தொட்டியையும் அச்சு இயந்திரத்தையும் சூளையையும் வாடகை வீட்டில் வைக்க முடியுமா? யூடியூபில் பார்க்கலாம், கை பழகாது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். மார்க்கை மட்டும் பார்த்து சீட் தருவதில்லை, வரைந்து காட்டவேண்டும். அதனால் விண்ணப்பிக்கிறவர்கள் போட்டோவைப் பார்த்து வரைவதை இன்றைக்கே நிறுத்துங்கள். செம்பு, செருப்பு, அம்மாவின் கை, எதிரில் இருப்பதை வரையுங்கள்.

பணம்? பட்டம் வேலையைக் கையில் கொடுக்காது, இதைச் சித்தியிடமும் சொல்லிவிட்டேன். அதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அந்த ஓவியர்களே மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பத்திக் துணி செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள். எனக்கும் வாடகை கொடுப்பது சனிக்கிழமை வகுப்பும் புத்தக அட்டையும்தான். கல்லூரியில் கற்ற கையை வைத்துத்தான் இரண்டையும் செய்கிறேன். ஆனால் ஒன்று, அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் இடத்தில் இதையே படிக்காதீர்கள். என் தோழி ஒருத்தி ஏழு லட்சம் வாங்கினாள், பெயிண்டிங்கை விட்டு ஆறு வருஷமாகிறது, இன்னும் தவணை கட்டுகிறாள். எனக்கு அது பொறுக்கவே இல்லை.

சித்தி பெண் சனிக்கிழமை இங்கே வருகிறாள். டாங்கியில் முதலில் அவள்தான் உட்காரப்போகிறாள், நான் இன்னும் உட்காரவில்லை. பெரியப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன். வந்தால் அவரையே மாடலாக நிற்க வைத்துவிடுவோம்.