மழைக்கு ஓரம் கிடையாது

(கொடைக்கானலில் வாட்டர்கலர் பழகத் தொடங்கியவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கடலே இல்லாத மலையில் உட்காரவைத்து மழை பெய்யும் துறைமுகத்தை வரையச் சொல்கிறாரே என்று சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. சிரிக்கலாம். ஆனால் நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. மூடுபனியில் பக்கத்துத் தைல மரம் கருப்பாக நிற்க, அடுத்தது சாம்பலாகி, மூன்றாவது காணாமலே போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறீர்கள். மழையில் துறைமுகமும் அப்படித்தான். முன்னால் கட்டியிருக்கும் விசைப்படகு அழுத்தமாகத் தெரியும். பின்னால் நிற்பவை வெளுத்துக்கொண்டே போகும். கலங்கரை விளக்கம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். நிறத்தோடு சேர்ந்து ஓரமும் போய்விடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

புதிதாக வரைகிறவர்கள் படகு, கயிறு, கொடி எல்லாவற்றையும் கூர்மையாகப் போட்டு முடித்துவிட்டு, மேலே சாய்வாக வெள்ளைக் கோடு இழுத்து ‘மழை’ என்கிறார்கள். அது வெயிலில் நிற்கிற படகின் மேல் கிழித்த கோடு, அவ்வளவுதான். ஓரங்களைக் கரையுங்கள், மழை வந்துவிடும்.

ஓரத்தைக் கரைப்பது ஈரக் காகிதம். அதனால் கையில் இருக்கும் காசைக் காகிதத்தில் போடுங்கள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்), முடிந்தால் முழுப் பருத்தி. டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்து, பள்ளத்தில் குளம் கட்டி, மேட்டில் காய்ந்துவிடும். வண்ணம் மூன்று போதும். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, கொஞ்சம் யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள். முதல் இரண்டின் கலவையிலேயே மழைக்கு வேண்டிய சாம்பல் எல்லாம் கிடைக்கும். நீலம் கூடினால் வானம், சியன்னா கூடினால் நனைந்த பலகை. கருப்பு டியூப் வீட்டிலேயே இருக்கட்டும். இந்த அல்ட்ராமரைன் ஒருகாலத்தில் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்து எடுத்த பெரிய விலைச் சரக்கு. அதைச் செயற்கையாகச் செய்து காட்டியதற்காகக் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் 1828இல் பரிசு வாங்கினார். அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது. அதன் துகள் காகிதத்தின் குழிகளில் தங்கிச் சொரசொரவென்று தெரியும். மழை வானத்துக்கு வேறென்ன வேண்டும்?

இனி நம் ஊர்ச் சிக்கலுக்கு வருவோம். யூடியூபில் ‘ஐந்து நிமிடம் காயவிடுங்கள்’ என்கிறார்கள். அவர்கள் இருப்பது உலர்ந்த அறை. நாம் இருப்பது 2,100 மீட்டர் உயரத்தில், ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிற ஊர். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே நாள்கணக்கில் கொடியில் கிடக்கிறது. கடிகாரத்தை மறந்துவிடுங்கள். காகிதத்தைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் பளபளத்தால் வானம் போடலாம், வண்ணம் தானே ஓடிக் கலக்கும். மினுக்கம் அடங்கியும் புறங்கைக்குச் சில்லென்று இருக்கிற நேரம் தூரத்துப் படகுகளுக்கு: உருவம் நிற்கும், ஓரம் மட்டும் லேசாகக் கசியும். அப்போது பிரஷ்ஷில் இருக்கிற கலவை கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் சொட்டும் பிரஷ்ஷால் தொட்டால், அந்த நீர் பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கந்தல் ஓரத்தோடு ஒரு கறையை விட்டுவிடும். முன்படகைப் போடுவது காகிதம் முழுக்கக் காய்ந்த பிறகுதான். அதிலும் அணியத்தை, அதாவது படகின் முன்மூக்கை, மட்டும் கூராக வையுங்கள். எதையும் நினைத்ததைவிட ஒரு பங்கு அடர்த்தியாகவே போடுங்கள், காய்ந்தால் வெளுக்கும். ஹேர் டிரையர் கொண்டுவந்தவர்கள் மினுக்கம் அடங்கும்வரை அதைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

துறைமுகத் தளத்தைப் பற்றிக் கொஞ்சம். நனைந்த சிமெண்ட் கருக்கும், கூடவே வானத்தையும் காட்டும். பிம்பம் எப்போதும் பொருளுக்கு நேர் கீழே இறங்கும். அதைப் பக்கவாட்டில் சாய்த்தால் நிழலாகிவிடும். மூடிய வானத்தின் கீழ் அழுத்தமான நிழல் ஏது? கருத்த படகின் பிம்பம் சற்று வெளுத்தும், வெள்ளைப் பெட்டியின் பிம்பம் சற்று மங்கியும் விழும். ஈரத்தில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. மேடையில் ஒரு விளக்கு எரிகிறதா? ஈரம் இருக்கும்போதே, பிழிந்த பிரஷ்ஷால் அந்த இடத்து வண்ணத்தை ஒற்றி எடுங்கள்.

கீழே இறங்கிக் கடலுக்குப் போக முடியாதவர்கள் நம் ஏரிக்குப் போங்கள். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரி அது. பெருமழை வந்தால் சுற்றுலாக்காரர்கள் ஓடிவிடுவார்கள், படகுகள் துறையில் சும்மா கிடக்கும். வரைகிறவருக்கு அதுதான் நேரம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், ஏரிப் படகு தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். விசைப்படகின் அணியமோ நிமிர்ந்து நிற்கும். அதற்குத்தான் இந்தப் புகைப்படங்களை மேசையில் வைத்திருக்கிறேன்.

பலகைக்கு அடியில் ஒரு புத்தகத்தைச் செருகிச் சாய்வாக வையுங்கள். பிரஷ் கழுவ ஒரு டப்பா, கலக்க நல்ல தண்ணீர் ஒரு டப்பா. இப்போது வானம் மட்டும் போடுவோம். வெளியே தூறுகிறது, எப்படியும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் படகு.