பிளாஸ்டர் கழற்றிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம். மாரி தொடங்கினால் கிணற்றடியிலும் படகிலும் சறுக்கி விழுந்து கணுக்கால் விலகியவர்கள் எங்களிடம் வருவார்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள் வருடம் முழுக்க வருவார்கள். இயன் மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, நான் இன்று கூடுதலாகப் பேச விரும்புவது பிளாஸ்டர் கழற்றிய பிறகு வரும் மாதங்களைப் பற்றி. பலர் அங்கேதான் சிகிச்சையைக் கைவிடுகிறார்கள்.

முதலில் விழுந்த அன்றைக்கு ஒரு வார்த்தை. பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால் இழுத்துப் பார்க்க வேண்டாம், எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். கணுக்கால் விலகும்போது பெரும்பாலும் எலும்பும் உடைந்திருக்கும். விலகிய எலும்பு இரத்தக் குழாயையும் நரம்பையும் அழுத்திக்கொண்டே இருப்பதால் நேரம் போகப்போக ஆபத்து கூடும். காலுக்குத் தலையணையை அணைத்துக் கட்டி, சாப்பிட எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் அம்புலன்ஸ் வரும். எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் செய்யும் முறிவு தெறிவு வைத்தியர்கள்மேல் எங்கள் சனத்துக்குப் பெரிய மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் எக்ஸ்ரே எடுக்காமல் இந்த மூட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

மூட்டைத் திரும்ப இடத்தில் பொருத்தி, தேவையானால் தகடும் ஆணியும் வைத்து, வழக்கமாக 6 வாரமளவில் அசையாமல் வைத்திருப்பார்கள். கழற்றும்போது கெண்டைக்கால் மெலிந்து, பாதம் வீங்கி, தோல் உரிந்து இருக்கும். பயப்படாதீர்கள். மாலையில் கூடிக் காலையில் குறையும் வீக்கம் பல மாதங்கள் இருக்கலாம். எப்போது காலில் பாரம் வைக்கலாம் என்பதை வைத்தியர் சொல்வார். கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில்.

கொஞ்ச நாளில் நோ குறையும், நடக்க முடியும். சரி, இனி எதற்குக் கிளினிக் என்று நின்றுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பலருக்கு இரண்டு விஷயங்கள் இன்னும் திரும்பியிருக்காது.

ஒன்று, மூட்டின் மடிப்பு. சுவரைப் பார்த்து நின்று, குதி நிலத்தை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பெருவிரலைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் பின்னுக்கு வைத்தும் தொட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். அடிபட்ட காலில் அந்தத் தூரம் குறைவது தெரியும். இந்த மடிப்பு இல்லாமல் குந்த முடியாது, திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நொண்டாமல் ஏறவும் முடியாது. கட்டிலில் காலை நீட்டி இருந்து, பாதத்தில் துவாயைப் போட்டு உங்களை நோக்கி இழுத்து 30 செக்கன் பிடியுங்கள். அப்புறம் முழங்காலைக் கொஞ்சம் மடித்தும் அதையே செய்யுங்கள். கெண்டையில் இரண்டு பெரிய தசைகள் இருக்கின்றன, இரண்டும் இளக வேண்டும். மறுநாள் காலையில் வீக்கமும் நோவும் கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள்.

மற்றது சமநிலை. இதைத்தான் நான் கூடுதலாக வலியுறுத்துகிறேன். பாதம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் எலும்புகளை இணைக்கும் தசைநார்களுக்குள் இருக்கின்றன. தசைநார் கிழியும்போது அவையும் பழுதாகின்றன. செய்தி பிந்தினால் தசை பிந்தி இறுகும், அதற்குள் கால் பிரண்டுவிடும். ஆகவே பாரம் வைக்க அனுமதி கிடைத்த பிறகு, குசினி மேசையைப் பிடித்து ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிறகு கையை விட்டு, கடைசியாகக் கண்ணை மூடி. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

மணலில் நடந்தால் கால் பலப்படும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது கடைசிக் கட்டம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அலை ஓரமாக நடந்தால் கரை சரிவாக இருப்பதால் பாதம் ஒரு பக்கமாகவே சாயும். வீட்டுத் தரையில் ஆடாமல் நிற்கப் பழகிய பிறகு போங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். புதுக் காயத்துக்கும் ஆறாத தையலுக்கும் வேண்டாம். பிறகு இறுக்கத்துக்கு இதமாக இருக்கும், அந்த இதத்தோடு மடிப்புப் பயிற்சியையும் செய்யுங்கள். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, அவர்கள் கவனம்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தாலோ மூச்சு வாங்கினாலோ இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வருகிறவர்களுக்கு பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். எனக்கு அது விளங்குகிறது. அதைச் சிகிச்சை தருபவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளைக் காட்டச் சொல்லி போனில் படம் பிடியுங்கள். பயிற்சிக்கு இழுக்கும் ரப்பர் பட்டி வாங்க வசதியில்லை என்றால் பழைய சைக்கிள் டியூப் போதும். உங்கள் தொழிலையும் சொல்லுங்கள். கரைவலை இழுப்பவரின் காலுக்கு வேண்டிய பலம் வேறு, வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு வேண்டியது வேறு. வரும்போது வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டு வாருங்கள். அது தேய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தால் நீங்கள் எப்படிப் பாரம் வைத்து நடக்கிறீர்கள் என்று எங்களுக்கு ஓரளவு பிடிபடும். வணக்கம்.