கதவு மூடினால்தான் சம்பளம்: புது விமானிகளின் கடன் கணக்கு

[திரையில்: பனி கொட்டும் இரவு. நிற்கும் விமானத்தின் அடியில் ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார்.]

வணக்கம். டயரைக் குனிந்து பார்க்கிறாரே, அவர் மெக்கானிக் இல்லை. துணை விமானி. எங்காவது கசிகிறதா, இறக்கையில் ஐஸ் படிந்திருக்கிறதா என்று விமானத்தை ஒரு சுற்று சுற்றி வருகிறார். இந்த வேலைக்கு மணிக்கணக்கில் காசு கிடையாது. அமெரிக்காவில் பெரும்பாலும் கதவை மூடி, விமானம் நகர ஆரம்பித்த பிறகுதான் சம்பள மீட்டர் ஓடும். நம்மூர் ஆட்டோக்காரர்கூட வெயிட்டிங் சார்ஜ் கேட்பார்.

[திரையில்: கணக்கு நோட்டு]

2009 வாக்கில் அங்கே சிறு நகரங்களுக்குப் பறக்கும் ரீஜனல் நிறுவனங்களில், புதிதாகச் சேருபவருக்கு மணிக்கு 20 டாலரை ஒட்டித்தான் சம்பளம். 22 என்றே வைத்துக்கொள்வோம். கேட்க மோசமில்லை. ஆனால் மாதத்துக்கு நிச்சயமாகக் கிடைப்பது 75 மணி நேரம் போலத்தான். ஆக, 1,650 டாலர். பயிற்சிக்கு 80,000 டாலர் கடன், 8 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 970. வரி பிடிப்பதற்கு முன்பே மிச்சம் 680 டாலர்தான்.

அதில் எங்கே தங்குவது? விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு, அறைக்கு நாலைந்து அடுக்குக் கட்டில். கிராஷ் பேட் என்பார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் பெற்றோர் வீட்டிலேயே இருந்துகொண்டு, நாட்டின் மறுகோடிக்கு வேறொரு விமானத்தில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வர வேண்டியதுதான்.

[திரையில்: வரைபடம். சியாட்டில், மெம்ஃபிஸ், நியூவார்க்]

24 வயதுத் துணை விமானி ஒருவர் அப்படித்தான் வந்தார். ராத்திரி முழுக்க சரக்கு விமானங்களில் பயணம், விடிகாலையில் நியூவார்க். ஓய்வறை சோபாவில் கொஞ்சம் தூக்கம். அன்று இரவே, 2009 பிப்ரவரி 12, அவர் பறந்த, கோல்கன் ஏர் என்ற ரீஜனல் நிறுவனத்தின் 3407 விமானம் பஃபலோ அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயரோ கான்டினென்டல்! பெரிய நிறுவனத்தின் பெயரில், பறந்தது சின்ன நிறுவனம்.

சம்பளம்தான் விமானத்தை விழவைத்தது என்று சொல்லிவிட முடியாது. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் விமானத்தின் மூக்கைக் கீழே இறக்காமல் மேலே இழுத்தார். விசாரணை அதையே முதல் காரணமாகச் சொன்னது. ஆனால் துணை விமானியின் வருமானமாக 16,000 டாலர் என்ற எண் விசாரணையில் வந்ததும் நாடே வாய்பிளந்தது. இல்லை, 24,000-ஐ ஒட்டி வரும் என்று நிறுவனம் பிறகு திருத்தியது. அதைக் கேட்டு யாரும் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு குறைவாக எப்படி ஒத்துக்கொள்கிறார்கள்? சீனியாரிட்டிதான் காரணம். ஒரு நிறுவனத்தில் சேர்ந்த வரிசைப்படிதான் சம்பளமும் பதவியும் ஏறும். பெரிய நிறுவனத்தில் கேப்டன் ஆகிவிட்டால் கை நிறையச் சம்பளம். அந்த நம்பிக்கையில் முதல் சில வருடங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். நடுவில் நிறுவனம் மாறினால் மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

சரி, விபத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. அது சம்பளத்தைத் தொடவில்லை, மணியைத் தொட்டது. முன்பு 250 மணி நேரம் பறந்திருந்தாலே துணை விமானி ஆகலாம். 2013 முதல் பொதுவாக 1,500 வேண்டும். இடையில் இருக்கும் 1,250 மணி நேரத்தைப் பெரும்பாலோர் பயிற்றுநர் வேலை பார்த்துச் சேர்க்கிறார்கள்.

ஆனால் அதனாலேயே ஆள் கிடைப்பது அரிதானது. கொரோனாவில் மூத்தவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். 2022 ஜூனில் என்வாய், பீட்மான்ட் என்ற ரீஜனல் நிறுவனங்கள் முதல் வருடத்துக்கே, தற்காலிக ஊக்கத்தொகையும் சேர்த்து, மணிக்கு 90 டாலர் அறிவித்தன. அந்த எண்ணைப் பார்த்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கிப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம்.

[திரையில்: இரண்டு பேர் உட்காரும் செஸ்னா]

2024-ல் ஆளெடுப்பு மந்தமானது. 1,500 மணி நேரம் முடித்தும் அழைப்பு வராதவர்கள் செஸ்னாவில் மாணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துணை விமானி உட்காருவது வலது பக்கம். இதுவும் வலது பக்க இருக்கைதான்.