அரைப் பேர்

(கோத்தகிரியில் குடியரசு நாளையொட்டி நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். உறைபனி விழும் மாதத்தில், பொழுது சாய்ந்த பிறகு, வீட்டு அடுப்பை விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். தலைப்பின் மீதுள்ள ஆசையா, வாசலில் அடுக்கியிருக்கும் வர்க்கியின் மீதுள்ள ஆசையா என்று எனக்கு ஐயமாகத்தான் இருக்கிறது. எப்படியோ, வந்துவிட்டீர்கள்.

"பல பண்பாடுகள் வாழும் நாட்டில் தேசிய அடையாளம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பேராசிரியன் இல்லை. இந்த மலையில் 36 ஆண்டுகள் தபால் கொடுத்தவன். நாடு என்றதும் எனக்குக் கொடி நினைவுக்கு வருவதற்கு முன்பே முகவரிதான் வரும்.

முகவரி என்றால் சமவெளியில் தெருப்பெயர், கதவு எண் போதும். இங்கே அப்படி இல்லை. தோடர் வாழுமிடம் மந்து. கோத்தர் வாழுமிடம் கோக்கால். படகர் ஊர் ஹட்டி. தோட்டத் தொழிலாளி இருப்பது லயம். ஊரைக் குறிக்கும் சொல்லைப் பார்த்தாலே யார் வீட்டுக் கடிதம் என்று தெரிந்துவிடும். உதகமண்டலம் என்று நாம் பெருமையாக எழுதுகிற பெயருக்குள்ளேயும் ஒரு மந்து ஒளிந்திருக்கிறது. நாம் நிற்கிற இந்தக் கோத்தகிரி, கோத்தர் பெயரைச் சுமக்கிறது. மலைக்கு வந்த பிறகு நான் கற்ற முதல் பாடம் இது: வந்து சேர்ந்தவர்கள் எல்லோருமே முன்பே இருந்த ஒருவருடைய பெயரில்தான் குடியிருக்கிறோம்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. நீலகிரியின் பழைய ஒற்றுமையை எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்குவது. தோடர் நெய் கொடுத்தார்கள், படகர் தானியம் கொடுத்தார்கள், கோத்தர் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்து கொடுத்தார்கள், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள் என்பார்கள். எல்லாம் உண்மை. தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர் வந்து இசை வாசித்ததும் உண்மை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாசித்த கோத்தரை மற்றவர்கள் தங்களுக்குக் கீழாக வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் செய்வினைப் பழி சுமத்திக் குறும்பர்களைக் கொன்ற நிகழ்ச்சிகள் பதிவாகியிருக்கின்றன. ஒருவர் மொழியை ஒருவர் அறிந்திருந்தார்கள், ஒருவர் பொருள் இல்லாமல் இன்னொருவர் வாழ முடியவில்லை. இருந்தும் எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் வாழ்வது மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் நமக்கு நாடு என்ற ஒன்றே தேவைப்பட்டிருக்காது.

நாடு கொண்டுவந்தது அந்த ஒரே உயரத்தைத்தான். குறைந்தபட்சம் காகிதத்தில் கொண்டுவந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். 1950இல் யார் குடிமகன் என்று அது சொல்கிறது. இங்கே நிலையாக வாழ்பவராக இருக்க வேண்டும். அதோடு இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது ஐந்து ஆண்டுகளாவது இங்கே வசித்திருக்க வேண்டும். என்ன மொழி பேசுகிறாய், எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்ற கேள்வியே அந்தப் பிரிவில் இல்லை. 29ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. தனக்கென்று மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள எந்தப் பிரிவு மக்களுக்கும் அதைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது. அதாவது நீ இந்தியனாவதற்காக உன் வீட்டுப் பேச்சை வாசலில் கழற்றி வைக்க வேண்டாம்.

காகிதம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது? அதற்கு என் வீட்டுக் கதைக்குப் போக வேண்டும்.

நான் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் கூலி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய் நின்று, சொன்ன அளவு கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப் பேர் விழும். எடை குறைந்தால் அரைப் பேர். என் பாட்டியின் வாயில் இந்தச் சொல் எல்லாவற்றுக்கும் வரும். சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் "அரைப் பேர்தான்" என்பார்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் அந்தத் தீவில் பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். பிறகு 1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் எங்களைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். அதற்குள் கணக்கு 9,75,000 பேர் ஆகியிருந்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காய்கறிச் சந்தையில்கூட மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் பங்கு போடுவார்கள். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று பேச்சுவார்த்தைக்கு முன்னால் யாரும் எங்கள் லயத்துக் கதவைத் தட்டிக் கேட்கவில்லை.

1972இல் எனக்கு 10 வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறினோம், இராமேசுவரத்தில் இறங்கினோம், மண்டபம் முகாமில் இருந்தோம், பிறகு இந்த மலை. எங்களைப் போல் வந்தவர்களுக்காகவே அரசு இங்கே தேயிலைத் தோட்டங்கள் போட்டது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று பல இடங்களில் வேலையும் வீடும் கிடைத்தன. அதற்கு நன்றி சொல்லாமல் பேச முடியாது. என் பெற்றோருக்கு வேறொரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஆனால் ஒன்று. அங்கே எங்களை "கள்ளத்தோணி" என்றார்கள், "இந்தியாக்காரன்" என்றார்கள். இங்கே வந்து இறங்கிய மறுநாளே "சிலோன்காரன்" ஆகிவிட்டோம். பெட்டியில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயரே சிலோன். அந்த வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த படகப் பையனுக்கும் வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். அவன் தமிழில் வாக்கியத்தை முடிப்பதற்குள் சிரிப்பார்கள். நாங்கள் இருவரும் நண்பர்களானதற்கு அதுதான் காரணம். இன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லிவிடாதே என்று கை காட்டுகிறான்.

அவன் மொழிக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் படகர் மொழியைக் கன்னடத்தின் கீழே ஓர் உட்பிரிவாகச் சேர்த்திருக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைத் தனியாக வெளியிடுவதில்லை என்பதால் தோடர் மொழிக்கு "பிற" என்ற குழியில்தான் இடம். தங்கள் எருமை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் மக்களின் மொழிக்கு அட்டவணையில் பெயர் இல்லை. கணக்கெடுப்பவருக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய மொழி பேசும் நாம், அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவரிடம் போய் "முதலில் இந்தியன், பிறகுதான் மற்றது" என்று பாடம் எடுக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் எப்போது இல்லை என்றார்?

குன்னூரில் வாழ்ந்தாரே பீல்டு மார்ஷல் மானெக்சா, அவர் பார்சி. பிறந்தது அமிர்தசரசில். 2008இல் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமாகி, ஊட்டியில் பார்சிகளின் இடுகாட்டில் அடக்கமானார். 1971 போரில் படைத்தலைவராக இருந்த அவரை யாரும் முதலில் எது, பிறகு எது என்று வரிசைப்படுத்தச் சொன்னதில்லை. அந்தக் கேள்வியை நாம் எப்போதும் எளியவரிடம்தான் கேட்கிறோம்.

நேரமாகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

1977 மார்ச்சில் மக்களவைத் தேர்தல். அம்மாவுக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் ஓட்டு. கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார். யாரும் அதைக் கேட்கவில்லை. வரிசையில் அவருக்கு முன்னால் வெள்ளைச் சீலை கட்டிய படகப் பாட்டி ஒருவர் நின்றார். அம்மா பேசிய இலங்கை மலையகத் தமிழ் அவருக்கு முழுதாகப் புரியவில்லை, அவர் பேசியது அம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டேதான் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மை வைத்த இடது ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டார். தேயிலைக் கறை பட்டு மை அழிந்துவிடக் கூடாதாம். அழியாத மைதான் அது என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. துணி சுற்றிய விரலோடு ஒரு வாரம் மலை ஏறினார். கொழுந்து இரண்டு கையாலும் பறிக்க வேண்டிய வேலை. விரல் மடங்காமல் கை ஓடுமா? எடை நாளுக்கு நாள் குறைந்தது. அந்த வாரம் முழுக்க மேஸ்திரி அவருக்கு அரைப் பேர்தான் போட்டார்.