ஒன்பதாம் நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்டெடுத்த ஒரு துணிப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1989 மார்ச் மாதக் கடைசி. கல்யாண வீடு ஒன்றுக்குக் கொலுசு கொடுத்துவிட்டு ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் தூங்கிப்போனேன். சேலத்தில் கண் விழித்தபோது பஸ் காலி. முன் சீட்டு ஜன்னல் கம்பியில் பை மட்டும் தொங்கியது.

கண்டக்டரிடம் நீட்டினேன். உள்ளே வெள்ளி இருப்பதைப் பார்த்ததும் அவர் கையை இழுத்துக்கொண்டார். "தம்பி, நாளைக்கு எனக்கு வேற ரூட்டு. செவ்வாய்பேட்டையில உங்கப்பா பட்டறை எனக்குத் தெரியும். நீங்களே வெச்சிருங்க, யாராச்சும் கேட்டா அங்க அனுப்பறேன்" என்றார்.

எங்கள் பேட்டையில் ஒரு கொலுசு பல வீடு ஏறி இறங்கித்தான் கடைக்குப் போகும். வெள்ளி உருக்குவது ஒரு வீடு, கம்பி இழுப்பது ஒரு வீடு, சலங்கை வைத்துப் பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. அந்தத் தெருவில் பிறந்தவனுக்குக் கொலுசைக் கையில் எடுத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். கைக்குட்டையில் சுற்றியிருந்தது ஒற்றைக் கொலுசு. கொக்கி உடைந்திருந்தது. உட்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. இருபது வருடமாவது ஒரே காலில் கிடந்திருக்க வேண்டும். விற்க வந்தால் ஜோடியாக வரும். ஒற்றையாக வந்தால் ரிப்பேருக்குத்தான். யாரோ ஒருவர் இதை ஆசையாக வைத்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கூடவே ஒரு நோட்டு. முதல் பக்கம் முழுக்கத் தேதியும் எண்ணும். பால் கணக்கு என்று நினைத்தேன். ஆனால் 0, 0, 0 என்று வரிசையாகப் போனது. வாரக்கணக்கில் பால் வாங்காத வீடு ஏன் கணக்கு எழுத வேண்டும்? இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் இப்படி இருந்தது: "மழை, 21. ஒன்பதாம் நாள் பார்க்கணும்."

அதோடு நோட்டை மூடிவிட்டேன். அந்த வரி யாருக்கும் எழுதியதல்ல, தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. முகவரி தேடுகிறேன் என்ற பெயரில் அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவருக்கும், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கும் ஒரே பொறுப்புதான் என்கிறது. பிற்பாடு வக்கீல் நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அடைக்கலம் என்ற சொல் ஒன்றுதான்.

லீ பஜாரில் காபிக்கொட்டை வாங்கி விற்கும் பெரியவர் ஒருவரிடம் ஒன்பதாம் நாள் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் முகமே மலர்ந்தது. சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காலத்தில். அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் செடி இந்த மழைக்குத்தான் காத்திருக்கிறதாம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், எட்டு பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் பூத்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாடியும் விடும். "மழை மானி பார்த்து எழுதற வீடுப்பா அது" என்றார்.

நாட்களை எண்ணினேன். ஒன்பதாம் நாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கு இருந்த கண்டக்டர் பையைப் பார்த்ததுமே, "அட, இதைத்தான் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ரைட்டர் பொண்ணு மூணு தடவை வந்து கேட்டுச்சு" என்றார்.

நேயர்களே, காபித் தோட்டம் பூத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சவுக்கு மரம் போல நெடுநெடுவென்று நிற்கும் நிழல் மரங்களுக்குக் கீழே, கிளை கிளையாக வெள்ளைப் பூ அப்பியிருக்கும். மல்லிகை வாசம், ஆனால் மல்லிகையைவிடக் கொஞ்சம் ஈரமான வாசம். அதற்கு நடுவே கையில் அளவுக் குடுவையோடு அவர் நின்றிருந்தார். மழை மானியில் காலை எட்டரைக்கு அளவு பார்க்க வேண்டும், அதுதான் முறை.

பையை வாங்கியதும் முதல் கேள்வி, "நோட்டைப் படிச்சீங்களா?"

"ரெண்டு பக்கந்தானுங்க."

"பின்னட்டையில என் பேரும் ஊரும் எழுதியிருக்கேனே! பார்த்திருந்தா அன்னிக்கே ஒரு கார்டு போட்டிருக்கலாமே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கைக்குட்டையைப் பிரித்தார். கொக்கியை மட்டும் நான் மாற்றியிருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெருகு போடலியா?" என்றார்.

"போட்டா தேஞ்ச இடமெல்லாம் மாறிப்போயிரும். யார் போட்டிருந்த கொலுசோ, கேக்காம எப்படிங்க தொடறது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கம்மாவோடது" என்றார். பிறகு, குடுவையில் தண்ணீர் இல்லை என்பதை இரண்டாம் முறை பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு கால் கொலுசு வீட்டுல இருக்கு. அதுலயும் கொக்கி தளர்ந்துதான் கெடக்கு."

"கொண்டு வாங்க. செவ்வாய்பேட்டைல யாரைக் கேட்டாலும் பட்டறையைக் காட்டுவாங்க."

அடுத்த வாரம் அப்பாவோடு வந்தார். அதற்கடுத்த மாதம் ஒரு சலங்கை விழுந்துவிட்டதென்று வந்தார். அந்தச் சலங்கை தானாக விழுந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மறு வருடம் தை மாதம் கல்யாணம்.

மலையிலிருந்து கல்யாணச் சீராக அவர் கொண்டுவந்தது அந்த மழை மானியை. செவ்வாய்பேட்டை மொட்டைமாடியில் இன்றும் இருக்கிறது. காலை எட்டரைக்கு யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் மாடியில்தான் இருப்பார். பல நாள் 0 என்று எழுதிவிட்டு இறங்குவார். இன்று காலை நான் இங்கே கிளம்பும்போது படியில் நின்று, "பதினாலு" என்றார். மலையில் பூக்க எத்தனை நாள் என்று இருவரும் எண்ணிக்கொண்டோம். முதல் பஸ்ஸுக்குப் போவதாக இருக்கிறோம்.

வணக்கம்.