மழைக்கு ஒன்பதாம் நாள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காற்றுச் சத்தம் கொஞ்சம் இரைச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்று சனிக்கிழமை, மணி பத்து இருபது. சிங்கப்பூரில், பிஷான் ஆங் மோ கியோ பூங்காவில் நிற்கிறேன். அம்மா இங்கிருந்து பத்து நிமிட நடை தூரத்தில், ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில், டயாலிசிஸில் இருக்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி. ஏழு மணிக்கு ஏற்றினால் பதினொன்றுக்கு இறக்குவார்கள். அந்த நான்கு மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் இந்தச் சேனலே ஓடுகிறது, உங்களுக்குத் தெரியும்.

கேமராவைத் திருப்புகிறேன். இதோ, இந்தக் கிளையில் நனைந்த டிஷ்யூ மாதிரி ஏதோ தொங்குகிறதே, தெரிகிறதா? இதைக் காட்டத்தான் வந்தேன். அழகாக இல்லை, எனக்கும் தெரிகிறது. நேற்று முன்தினம் வியாழக்கிழமை காலையில் இதுதான் இந்த மரம் முழுக்க வெள்ளைப் பூவாக இருந்தது. அன்றைக்கு நான் வீடியோ எடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மரம். நம் ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்போம். சாயங்காலம் ஆனாலும் சரி, வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் சரி, இலைகளை மடித்துக்கொள்ளும். மலாய்க்காரர்கள் இதை ‘புக்குல் லிமா’ மரம், அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். சிங்கப்பூரில் எந்தச் சாலைக்குப் போனாலும் குடை பிடித்த மாதிரி நிற்கும். ஆனால் இதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. நம்மைப் போலவே வந்து குடியேறிய மரம். இதன் கிளைகளில் பெரணி, பாசி, ஆர்க்கிட் என்று ஒரு கூட்டமே குடித்தனம் நடத்துகிறது. அதில் ஒன்றுதான் கிளையில் தொங்குகிற இந்தப் புறா ஆர்க்கிட். பூவைப் பின்பக்கமிருந்து பார்த்தால் பறக்கிற புறா மாதிரியே இருக்கும்.

புறா என்றவுடன் பரிசுத்த ஆவியானவரைக் கொண்டுவரப் போகிறேன் என்று பாதிப் பேர் நினைத்திருப்பீர்கள். இல்லை. அப்படிப்பட்ட வீடியோக்களை நான் நிறையப் போட்டாயிற்று. சூரிய உதயம், மெல்லிய பியானோ, கீழே ஒரு வசனம். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் இப்போது பழையதை எடுத்துப் பார்த்தால், நான் வசனத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு வானத்தைத் தேடிப் போனது தெரிகிறது.

நிஜத்தில் இயற்கை அப்படி ஒத்துழைக்காது. உதாரணத்துக்குக் குயில். எங்கள் புளோக்கில் விடிவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ஊரில் குயில் கூவினால் இனிமை. இங்கே பத்தாவது மாடி ஜன்னலுக்கு நேராக, சுருதி ஏறிக்கொண்டே போகும்போது, தூக்கம் கெட்டவர்கள் புகார் கொடுக்கிறார்கள். அந்தக் குயில் கூடு கட்டாது. காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ‘ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்... அவைகளையும் உங்கள் பரமபிதா பிழைப்பூட்டுகிறார்’ என்று மத்தேயு சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சரி, கவனித்துப் பார்த்தேன். பிழைப்பூட்டுவது யார் என்றால் காக்கை! யாரோ பெற்ற பிள்ளைக்கு நாள் முழுக்க இரை சுமக்கிறது.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எலியா தீர்க்கதரிசியின் ஞாபகம் வந்தது. கேரீத் ஆற்றண்டையில் அவருக்குக் காலையிலும் சாயங்காலத்திலும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது யார்? அங்கேயும் காக்கைதான். வேதத்தில் நியாயப்பிரமாணத்தின்படி அசுத்தமான பறவை, ஆனாலும் ஊட்டுகிற வேலை அதற்குத்தான். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்த வீடியோவைப் பார்த்தால், நான் ஏன் இந்தப் பறவையிடம் இவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பூவுக்கு வருகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, விடியற்காலையில் ஒரு சுமத்ரா புயல் அடித்தது. புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: இரவில் சுமத்ரா பக்கம் உருவாகி, மலாக்கா நீரிணையைத் தாண்டி, விடிகிற நேரத்தில் இங்கே வந்து அடிக்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அதற்குள் ஊரையே புரட்டிப் போட்டுவிடும். வெக்கையில் புழுங்கிக்கொண்டிருந்த இடம் திடீரென்று குளிர்ந்து போகும்.

நாங்கள் புளோக்குக்குக் கீழே டாக்சிக்குக் காத்திருந்தோம். அம்மா சக்கர நாற்காலியில். சாய்ந்து அடித்த மழையில் கூரையுள்ள நடைபாதை எதற்கும் உதவவில்லை. இரண்டு டாக்சி புக் செய்து இரண்டும் ரத்தாயின. கடைசியில் மூன்றாவது கிடைத்து, நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்து, எடை பார்த்தால் மூன்றரைக் கிலோ கூடுதல்.

டயாலிசிஸ் வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும். சிறுநீரகம் வேலை செய்யாதபோது, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறுகிற எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது அதிகமானால் மூச்சு முட்டும், இதயத்துக்குப் பாரம். அம்மா ஒரு நாள் முழுக்கக் குடிக்கக்கூடியது 750 மில்லிதான். கோப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூன்றரைக் கிலோ என்றதும் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. ‘ராத்திரி எழுந்து தண்ணி குடிச்சீங்களா?’ என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஈரத் துண்டைத் தலையிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

நர்ஸ்தான் மெதுவாகக் கேட்டார், பழம் ஏதாவது சாப்பிட்டார்களா என்று. தர்பூசணி. முந்தின நாள் நான்தான் வெட்டி, விதை எடுத்து, கிண்ணம் நிறையக் கொடுத்தேன். உடனே மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. ‘ஓ’ என்றேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பாடு, மாத்திரை, படுக்கை. சபையிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள், ஜெபித்தார்கள், ‘கவலைப்படாதிருங்கள்னு ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே சிஸ்டர்’ என்றார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் இந்த வசனத்தை யார் சொன்னாலும் எனக்கு ஒரு ஹோம்வொர்க் கூடுதலாகக் கிடைத்த மாதிரிதான் இருக்கும். கவலையும் பட வேண்டும், பட்டதற்காக வெட்கமும் பட வேண்டும்.

அந்த ஒன்பது நாளில், இந்த வசனம் வருகிற அதே மத்தேயு ஆறாம் அதிகாரத்தை நாலைந்து தடவை வாசித்தேன். எத்தனை வருடமாக வாசிக்கிறேன், ஒன்று கண்ணில் படவே இல்லை. ‘கவலைப்படாதிருங்கள்’ என்று சொன்னதோடு இயேசு விட்டுவிடவில்லை. அதற்கு நடுவில் வெளியே போகச் சொல்கிறார். பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள், காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள். கவலையை நிறுத்து என்றால் என்னால் முடியாது. பார் என்றால் முடியும். அதற்கு விசுவாசம் கடுகளவு கூட வேண்டாம், செருப்பு இருந்தால் போதும்.

வியாழக்கிழமை அப்படித்தான் வந்தேன், கேமரா இல்லாமல். பாலத்துக்குப் பக்கம் வரும்போதே வாசனை. மல்லிகை மாதிரி கனமாக இல்லை, லேசாக ஒரு இனிப்பு. நிமிர்ந்து பார்த்தால் கிளை கிளையாக வெள்ளை. இந்த மரம் மட்டுமில்லை, அந்தப் பக்கத்து மரத்திலும், ஆற்றுக்கு அக்கரையிலும், எல்லாம் ஒரே நாளில்! தினமும் நடக்க வருகிற ஒரு மலாய்ப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ‘லெப்பாஸ் ஹுஜான், செம்பிலான் ஹாரி’ என்றார். மழைக்கப்புறம் ஒன்பது நாள்.

வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இந்தச் செடி மொட்டைப் பாதி வளர்த்துவிட்டு நிறுத்திவிடுமாம். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். மழை பெய்து வெப்பம் சட்டென்று ஒரு 5 டிகிரி இறங்கினால்தான் மறுபடி வளரத் தொடங்கும். ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். ஒரே நாள்தான், மறுநாள் வாடிவிடும். ஒன்றாகப் பூத்தால்தான் பூச்சிகள் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியும்.

மரத்தடியிலேயே விரலை மடக்கி எண்ணினேன். புதன் ஒன்று, வியாழன் இரண்டு... ஒன்பது நாள் பின்னால் போனால் அந்தச் செவ்வாய்க்கிழமை. நான் அம்மாவைக் கத்தின அதே காலை, அதே மழை. உங்களில் சிலர் ‘பாருங்கள், தேவன் அன்றைக்கே பூவை ஆயத்தம் பண்ணினார்’ என்று கமெண்ட் போடுவீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான் கத்தியதற்கும் பூ பூத்ததற்கும் சம்பந்தம் இல்லை, நான் கத்தாமல் இருந்திருந்தாலும் பூத்திருக்கும். ஆனால் எண்ணி முடித்தபோது கண் கலங்கியது. அதை மறைக்கவும் மாட்டேன்.

அன்றைக்குப் பதினொன்றரைக்கு, ஊசி எடுத்த கையில் கட்டோடு இருந்த அம்மாவை நாற்காலியில் தள்ளிக்கொண்டு நேரே இங்கே வந்தேன். வழியெல்லாம் அம்மா இந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இது ஆறு இல்லை, வெறும் லோங்காங். நேராக ஒரு கான்கிரீட் கால்வாய். 2.7 கிலோமீட்டர் கான்கிரீட்டை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடுகிற ஆறாக்கி 2012ல் திறந்தார்கள். இப்போது சங்கப் பாட்டில் வாளை மீன் தின்கிற நீர்நாய் இங்கேயும் குடும்பத்தோடு மீன் தின்கிறது. அம்மாவுக்கு இன்னும் இது லோங்காங்தான். ‘லோங்காங்ல தண்ணி நல்லா ஓடுதே’ என்றார்கள்.

ஓடுகிற தண்ணீரை அம்மா பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். இந்த வருடம் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை வந்தபோது இப்படித்தான் இருந்தது. ‘தாகமாயிருக்கிறேன்.’ பிரசங்கியார் அதை ஆத்தும தாகம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா என் காதில், ‘தண்ணி தாகம்தான்டி அது. அவருக்குத் தெரியும்’ என்றார்கள். நான் கேட்ட ஐந்தாம் வார்த்தைப் பிரசங்கங்களில் அதுதான் சிறந்தது.

மரத்தடியில் நிறுத்தினேன். கண்புரை இருப்பதால் உயரத்தில் இருக்கிற பூ அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. வாசனை மட்டும் தெரிந்தது. காற்றில் உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். மண்ணே இல்லாமல் மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டு, மழையைக் குடித்து வளர்கிறது என்று சொன்னேன். தர்பூசணிக்கு மன்னிப்பும் அப்போதுதான் கேட்டேன். அம்மா பூவைத் திருப்பித் திருப்பி முகர்ந்துவிட்டு, ‘இதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணியாம்?’ என்று கேட்டார்கள். இரண்டு பேரும் சிரித்ததில் அந்த மலாய்ப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

அதனால்தான் வீடியோ இல்லை. உங்களுக்குக் காட்ட இந்த வாடினதுதான் மிச்சம்.

மணி பத்தே முக்கால் ஆகப் போகிறது, நான் நடக்க வேண்டும். ஊசியை எடுத்ததும் அந்த இடத்தைப் பத்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ரத்தம் நிற்காது. நர்ஸ் செய்வார்கள்தான், ஆனால் அம்மாவுக்கு நான் பிடித்தால்தான் பிடிக்கும்.